லிஸ்பன் அல்ஃபாமாவுல தனியா ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல்ல ஒரு அக்டோபர்ல போனேன், அப்புறம் மனசு கேக்காம அடுத்த ஜூன்ல திரும்பவும் போனேன், ரெண்டு தடவையும் தனியா. வந்ததுல இருந்து ஆபீஸ்ல, கல்யாண வீட்ல, வாட்ஸப்ல எங்க பாத்தாலும் அதே சந்தேகங்கள் தான். ஒவ்வொருத்தருக்கா சொல்லி முடியல, அதனால அவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு மொத்தமா எழுதி வெச்சிடறேன்.

அல்ஃபாமான்னா ஊர் பேரா, ஏரியா பேரா?

ஏரியா. போர்ச்சுகல் தலைநகரம் லிஸ்பன்ல, மேல கோட்டை கீழ தேஜு ஆறு, நடுவுல சரிவு முழுக்க வீடா ஒட்டிக்கிட்டு இருக்குமே அது தான் அல்ஃபாமா. பேரு அரபில இருந்து வந்தது, அல்-ஹம்மான்னா வெந்நீர் ஊத்து. 1147ல அஃபோன்ஸோ என்ரிக்ஸ் ராஜா ஊரைப் புடிக்கிற வரைக்கும் நானூறு வருஷத்துக்கு மேல அங்க முஸ்லிம் ஆட்சி, அந்தக் காலத்து சந்து பொந்து தான் இன்னைக்கும் நீங்க நடக்கற சந்து பொந்து.

1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் காலையில பெரிய பூகம்பம், பின்னாடியே சுனாமி, அதுக்கப்புறம் நாள் கணக்கா தீ. பக்கத்துல இருக்கற பைஷா தரைமட்டம் ஆயிடுச்சு, அதை அப்ப மந்திரியா இருந்த பொம்பால் பிரபு ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி நேர் நேர் தெருவா திரும்ப கட்டினாரு. அல்ஃபாமால சேதம் இருந்தாலும் தெரு அமைப்பு தப்பிச்சிடுச்சு. பைஷால அஞ்சு நிமிஷம் நடந்துட்டு அல்ஃபாமாக்குள்ள நுழைங்க, வித்தியாசம் கால்லயே தெரியும்.

லிஸ்பன்ல பாக்க அவ்ளோ இருக்கு, ஒரே ஏரியால ஒரு நாள் முழுக்க என்னடி பண்ணுவ?

இது எங்க சித்தி கேட்டது. ஒரு நாள்ல பெலெம் கோபுரம், கோட்டை, சிந்த்ரா அரண்மனைன்னு ஓடினா மொபைல்ல போட்டோ இருக்கும், எந்த தெரு எப்படி மணத்துச்சுன்னு ஞாபகம் இருக்காது. அல்ஃபாமால காலைல பாத்த சந்து சாயங்காலம் வேற சந்தா இருக்கும். எட்டு மணிக்கு ஒரு அம்மா வாசப்படியை கழுவிட்டு இருப்பாங்க, பதினொரு மணிக்கு அதே படியில டூரிஸ்ட் உக்காந்திருப்பாங்க, ஆறு மணிக்கு மீன் சுடற புகை, ஒன்பதுக்கு மேல கதவுக்கு பின்னாடி கிட்டார். ஒரே எடத்துல இருந்தா தான் இந்த மாற்றம் கண்ணுக்கு தெரியும், அதுவும் கூட யாரும் "போலாமா போலாமா"ன்னு கேக்காம இருந்தா தான்.

எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கறது? ரூட் மட்டும் சொல்லுங்க போதும்

என் ரூல் ஒண்ணு தான், ஏற வண்டி, எறங்க கால். காலைல டிராம்லயோ பஸ்லயோ க்ராஸா மேட்டுக்கு போயிடுங்க, அங்க இருக்கற மிராதோரோ, அதாவது வியூபாயின்ட், காலை வெயில்ல கோட்டையும் ஆறும் சேர்ந்து தெரியும். அப்புறம் சாவ் விசென்ட் த ஃபோரா மடம், உள்ள நீல வெள்ளை ஓடு, அஸுலேஜுன்னு சொல்லுவாங்க, அதுல கழுதை நரி கொக்கு கதையெல்லாம் படமா வரைஞ்சிருக்கும். அதுக்கு பின்னாடி சான்டா க்ளாரா மைதானம், அத தாண்டி வெள்ளை டோம் வெச்ச தேசிய பான்தியோன்.

அந்த கட்டடத்துக்கு ஒரு கதை இருக்கு. சான்டா எங்ராசியா சர்ச்சா 1682ல ஆரம்பிச்சாங்க, முடிச்சது 1966. 284 வருஷம்! இன்னைக்கும் அந்த ஊர்ல இழுத்துக்கிட்டே போற வேலைய "சான்டா எங்ராசியா வேலை"ன்னு தான் சொல்றாங்க. உள்ள ஃபாடோ, அதாவது போர்ச்சுகல் சோகப் பாட்டு, அதைப் பாடின அமாலியா ரோட்ரிகஸ், ஃபுட்பால் ஆடின யூஸேபியோ ரெண்டு பேரோட சமாதியும் இருக்கு. அங்கிருந்து ரெமேதியோஸ் தெரு வழியா கீழ எறங்கினா ஃபாடோ மியூசியம், சாப்பாடு. மதியத்துக்கு மேல சாவ் மிகேல் சர்ச் பக்கத்து சந்துகள்ல புகுந்து மெதுவா போர்தாஸ் தோ சோல், சான்டா லூசியா வியூபாயின்ட் ரெண்டும், அப்புறம் சே கதீட்ரல். ரூட் அவ்ளோ தான், நடுவுல எங்க வேணா நில்லுங்க.

28ம் நம்பர் டிராம்ல போயே ஆகணுமா? எல்லாரும் அதத்தான சொல்றாங்க

அழகான வண்டி தான், 1930கள்ல செஞ்ச மஞ்சள் டிராம், சில எடத்துல வீட்டு சுவத்த கை நீட்டி தொடலாம் அவ்ளோ நெருக்கத்துல போகும். ஆனா பத்து மணிக்கு மேல மார்தீம் மோனிஸ் ஸ்டாப்ல நின்னீங்கன்னா ஒரு மணி நேரம் லைன்லயே போயிடும், ஏறினா நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி கூட்டம், பிக்பாக்கெட் வேற. காலைல எட்டு மணிக்கு முன்னாடி ஏறுங்க, சீட் கெடைக்கும். இல்லன்னா 12ம் நம்பர் டிராம் இருக்கு, சின்ன சுத்து தான் ஆனா அதே மாதிரி வண்டி, அல்ஃபாமா மேல வழியா வரும்.

டிக்கெட்ட வண்டிலயே வாங்கினா மூணு யூரோவுக்கு மேல. மெட்ரோ ஸ்டேஷன்ல நவெகான்ட்டே கார்டு வாங்கி காசு ஏத்தி வெச்சுக்கிட்டா கிட்டத்தட்ட பாதி மிச்சம். ரொம்ப முக்கியம், அந்த டிராம் அங்க இருக்கற பாட்டி தாத்தாங்களுக்கு மார்க்கெட் போற வண்டி, அவங்க ஏறினா எழுந்து எடம் குடுங்க ப்ளீஸ்.

என்ன செருப்பு போடணும்? எங்க அம்மாக்கு முட்டி வலி, அவங்களால முடியுமா?

நல்ல ரப்பர் சோல் ஷூ, வேற எதுவும் வேண்டாம். தரை முழுக்க சின்ன சின்ன சுண்ணாம்புக்கல் பதிச்சிருப்பாங்க, கல்சாதான்னு பேரு, பல வருஷமா ஆளுங்க நடந்து நடந்து கண்ணாடி மாதிரி ஆயிருக்கும். தூறல் விழுந்தா எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். மழை நாள்ல கைப்பிடி இல்லாத படிக்கட்ட விட்டுட்டு சுத்தி போங்க.

அம்மாக்கு சந்துக்குள்ள சிரமம் தான், மறைச்சு சொல்ல மாட்டேன், ஆனா மேட்டுக்கு ஏற வழி இருக்கு. பைஷால ஃபான்கேய்ரோஸ் தெருவுல ஒரு லிஃப்ட், அதுல இருந்து வெளிய வந்து கொஞ்ச தூரம் நடந்தா ஒரு சூப்பர்மார்க்கெட் கட்டடத்துல இன்னொரு லிஃப்ட், ரெண்டும் ஃப்ரீ, கோட்டைக்கு பக்கத்துல கொண்டு விட்டுடும். அங்கிருந்து போர்தாஸ் தோ சோல், சான்டா லூசியா ரெண்டு வியூபாயின்ட்டும் ரோட்டு மேலயே இருக்கு, பெஞ்ச் இருக்கு, பூகன்வில்லா நிழல் இருக்கு. அங்க அம்மாவ உக்கார வெச்சுட்டு நீங்க ஒரு மணி நேரம் கீழ போயிட்டு வரலாம். டுக்டுக்னு நம்ம ஆட்டோ மாதிரி வண்டியும் ஓடுது, வெல ஜாஸ்தி, ஏறறதுக்கு முன்னாடி பேசிடுங்க.

அங்க கூகுள் மேப் வேலை செய்யாதாமே, தொலைஞ்சிட்டா?

சந்து ரொம்ப குறுகல், வீடு ரெண்டு பக்கமும் உயரம், அதனால நீல புள்ளி தாவிக்கிட்டே இருக்கும், மேப்புல பக்கத்து தெருன்னு காட்டறது நெஜத்துல நாப்பது படிக்கு மேல இருக்கும். போன பைல வெச்சிடுங்க. எறங்கினா ஆறு, ஏறினா கோட்டை, இது ரெண்டும் ஞாபகம் இருந்தா தொலையவே முடியாது. தெரு பேர்லயே குறிப்பு இருக்கு: பெக்கோன்னு ஆரம்பிச்சா சந்து, பல சமயம் முட்டு சந்து, எஷ்கதின்யாஸ்னா படிக்கட்டு, லார்கோன்னா திறந்த சின்ன மைதானம்.

பெக்கோ தோ கார்னேய்ரோன்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு கைய விரிச்சா ரெண்டு பக்க சுவரும் தட்டும், மேல பாத்தா ரெண்டு வீட்டு ஓட்டுக்கூரையும் தொட்டுக்கற மாதிரி நடுவுல ஒரு கோடு வானம். நான் அதை தேடி போகல, வழி மாறி தான் போனேன்.

எந்த மாசம் போகலாம், எந்த கிழமை?

ஏப்ரல் மே, இல்ல செப்டம்பர் கடைசி அக்டோபர். கிழமைன்னா செவ்வாய் இல்ல சனி, அந்த ரெண்டு நாள் தான் சான்டா க்ளாரா மைதானத்துல ஃபெய்ரா த லாத்ரா சந்தை, பழைய சாவி, உடைஞ்ச அஸுலேஜு, யாரோ ஒருத்தர் கல்யாண ஆல்பம் கூட விரிச்சு வெச்சிருப்பாங்க. திங்கக்கிழமை வேண்டாம், ஃபாடோ மியூசியம் லீவு, வேற சிலதும் மூடியிருக்கும். அல்ஃபாமா அடிவாரத்துலயே க்ரூஸ் கப்பல் துறைமுகம், பெரிய கப்பல் நிக்கற நாள்ல மதியம் கூட்டம் நெரியும், அதனால தான் காலைல சீக்கிரம் போங்கன்னு திரும்ப திரும்ப சொல்றேன்.

ஜூன் 12 ராத்திரி தனி கதை. அந்தோணியார் திருவிழா, சந்து சந்துக்கு கலர் தோரணம், வாசல்ல அடுப்ப போட்டு மத்தி மீன் சுடுவாங்க, காதலிச்சவங்களுக்கு மஞ்சரிக்கோன்னு குட்டி துளசி மாதிரி செடிய தொட்டில காகிதப்பூவும் நாலு வரி கவிதையும் குத்தி குடுப்பாங்க. செடிய மூக்கால மோந்து பாக்க கூடாதாம், கைய வெச்சு தடவி கைய தான் மோக்கணும். கூட்டம் ஒத்துக்காதவங்க அன்னைக்கு போகாதீங்க, நகரவே முடியாது.

அந்தோணியார்னா நம்ம கோடி அற்புதர் அந்தோணியாரா? அவர் பதுவைக்காரர் தானே?

அவரே தான். பதுவை அவர் 1231ல இறந்த ஊர், பொறந்தது லிஸ்பன், சே கதீட்ரலுக்கு எதிர்லயே. அந்த எடத்துல சர்ச் கட்டியிருக்காங்க, கீழ சின்னதா ஒரு நிலவறை, அது தான் அவர் பொறந்த வீடுன்னு சொல்றாங்க. லிஸ்பன்காரங்க கிட்ட பதுவை அந்தோணியார்னு சொல்லி பாருங்க, "லிஸ்பன் அந்தோணியார்"னு உடனே திருத்துவாங்க.

நான் கும்புடற சாமி வேற, ஆனா உவரி, கச்சத்தீவு, கொழும்பு கொச்சிக்கடைன்னு கேட்டே வளந்த பேரு இல்லையா, அந்த படில எறங்கும்போது உடம்பு சிலிர்த்துச்சு. எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன், அவங்க போன்லயே அழுதுட்டாங்க.

தனியா போற பொண்ணுக்கு சேஃபா அக்கா? நெஜமா சொல்லுங்க

நெஜமா சொல்றேன், பகல்ல எனக்கு ஒரு நிமிஷம் கூட பயமா இல்ல. கவனிக்க வேண்டியது பர்ஸ். டிராம்ல, வியூபாயின்ட்ல எல்லாரும் ஆத்த பாத்துட்டு இருக்கும்போது தான் கை பைக்குள்ள போகும், பைய முன்னாடி மாட்டிக்குங்க, பாஸ்போர்ட் ரூம்ல, கைல காப்பி. பைஷா பக்கம் சில பேர் கிட்ட வந்து மெதுவா போதை பொருள் வேணுமான்னு கேப்பாங்க, பெரும்பாலும் பிரிஞ்சி இலை மாதிரி ஏதாவது தான் வெச்சிருப்பாங்க, வேண்டாம்னு தலைய ஆட்டிட்டு நிக்காம நடங்க, பின்னாடி வர மாட்டாங்க.

ராத்திரி ஃபாடோ நடக்கற தெருக்கள்ல பதினொன்ற வரைக்கும் ஆள் நடமாட்டம் இருக்கும். அதுக்கு மேல சந்து வெறிச்சோடிடும், நான் மேட்டு சந்து வழியா தனியா திரும்பினதே இல்ல. கார் சந்துக்குள்ள வராது, அதனால ஷஃபரீஸ் த தென்த்ரோ மைதானத்துக்கு வந்து அங்க டாக்ஸி கூப்பிடுங்க, மெட்ரோன்னா சான்டா அப்போலோனியா பக்கம் தான். எதாச்சும்னா 112.

நான் சுத்த வெஜ். அங்க பட்டினி தானா?

பட்டினி இல்ல, கொஞ்சம் கேட்டு வாங்கணும். காலைல பஸ்தெல் த நாட்டாவும் ஒரு பீகாவும், நாட்டான்னா குட்டி கஸ்டர்ட் டார்ட், பீகான்னா சின்ன கப்புல கெட்டி காபி, நின்னுக்கிட்டே குடிச்சா ஒரு யூரோ சொச்சம் தான். நாட்டால முட்டை உண்டு, முட்டை சாப்பிடாதவங்க பிரெட், சீஸ், ஆலிவ். கால்தோ வெர்தேன்னு கீரை உருளைக்கிழங்கு சூப் எல்லா கடையிலயும் இருக்கும், பாக்க சைவமா இருக்கும், ஆனா உள்ள ரெண்டு துண்டு பன்னி சாசேஜ் மெதக்கும். "செம் கார்ன, செம் பேய்ஷ"னு சொல்லுங்க, கறி இல்லாம மீன் இல்லாம. சூப் தண்ணியே எதுல கொதிச்சதுன்னு பாக்கறவங்க அதையும் கேட்டுக்கங்க.

சோறு இல்லாம முடியாதுன்னா பதினஞ்சு இருபது நிமிஷ நடையில மார்தீம் மோனிஸ், அங்க பங்களாதேஷ், நேபாள், இந்திய கடை வரிசையா இருக்கு, பருப்பு சாதம் கெடைக்கும்.

கேக்காமலே டேபிள்ல பிரெட் ஆலிவ் வெச்சாங்க, பில்லுல காசு புடிச்சிட்டாங்க. இது ஏமாத்து தானே?

இல்லங்க, அது அவங்க ஊர் பழக்கம், கூவேர்ன்னு பேரு. எனக்கும் மொத நாள் ஒரு கடையில அப்படி ஆச்சு, நான் இலவசம்னு நெனச்சு ஆலிவ், சீஸ், மீன் பேஸ்ட் எல்லாத்தையும் காலி பண்ணேன், சாப்பாட்டு வெலையில பாதி அதுக்கே வந்துச்சு. தொடாம விட்டா காசு வாங்க கூடாது, அது சட்டம். வெக்கும்போதே "நாவ், ஒப்ரிகாதா"ன்னு சொல்லிட்டா எடுத்துட்டு போயிடுவாங்க, யாரும் மொகத்த சுளிக்க மாட்டாங்க. ஆம்பளைங்க ஒப்ரிகாதோன்னு சொல்லணும், நன்றி சொல்றவங்க ஆணா பொண்ணான்னு பாத்து மாறும்.

போர்ச்சுகீஸ் ஒரு வார்த்தை தெரியாது. பேச ஆளில்லாம தனியா போரடிக்காதா?

இதுக்கு ஒரு பாட்டி கதை சொல்றேன். சாவ் மிகேல் பக்கம் சில வீட்டு வாசல்ல வயசானவங்க குட்டி மேஜை போட்டு ஜின்ஜா விப்பாங்க, புளிப்பு செர்ரி போட்டு ஊற வெச்ச மது, விரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடி கப். ஒரு பாட்டி ஜன்னல் கட்டைலயே கப்ப வரிசையா வெச்சிருந்தாங்க. நான் காச நீட்டிட்டு சும்மா அந்த கட்டைய தட்டி "ஜன்னல்"னேன். அவங்க என்ன நிமிந்து பாத்து "ஜனேலா"ன்னாங்க. அப்புறம் மேஜைய தட்டினேன், மேசை. "மேஸா." இடுப்புல ஏப்ரன்ல ஒரு பெரிய சாவி தொங்குச்சு, சாவின்னேன், "ஷாவ்!"னு கத்திட்டாங்க, பழைய உச்சரிப்புல ச்சாவே தான் அது. உள்ள போயி மகள கூட்டிட்டு வந்துட்டாங்க. அலமாரி அர்மாரியோ, துவாலை தோஆல்யா, வராந்தா வரான்தா, கொய்யா கோயாபா, பத்து நிமிஷம் இதே வேலை, ஒவ்வொண்ணுக்கும் பாட்டி தொடைய தட்டி சிரிக்கறாங்க. ரெண்டாவது கப்புக்கு காசு வாங்கல.

நானூறு ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி அந்த ஆத்துல இருந்து கெளம்பின கப்பல்ல தான் இந்த வார்த்தையெல்லாம் நம்ம கடற்கரைக்கு வந்துச்சு. இன்னொண்ணும் சொல்றேன், ரோமன் எழுத்துல தமிழ அச்சடிச்ச கார்த்தில்யா புத்தகம் 1554ல வந்துச்சு, அது அச்சானதும் இதே லிஸ்பன்ல தான். வந்த கப்பல்ல நல்லது மட்டும் வரலங்கறதும் தெரியும், ஆனா அந்த வாசப்படில நின்னப்ப எனக்கு தோணினது, நம்ம வீட்டு ஜன்னலுக்கு பேரு வெச்ச ஊர்ல நிக்கறோம்னு தான்.

கோட்டைக்குள்ள டிக்கெட் எடுத்து போகலாமா?

மயில் சுத்தும், மதில் மேல நடக்கலாம், குழந்தைங்க இருந்தா போங்க. ஒரு நாள் தான்னா நான் போக மாட்டேன், அதே காட்சி மேல ரூட்ல சொன்ன வியூபாயின்ட்கள்ல காசில்லாம தெரியும். அதுக்கு பதிலா சான்டா லூசியா சர்ச் வெளிச்சுவத்துல இருக்கற அஸுலேஜு படத்த பாருங்க, பூகம்பத்துக்கு முன்னாடி ஆத்தங்கரை அரண்மனை மைதானம் எப்படி இருந்துச்சுன்னு அதுல இருக்கும், திரும்பி நெஜ ஆத்த பாருங்க. போர்தாஸ் தோ சோல்ல புனித விசென்ட் சிலை கைல ஒரு படகு, படகுல ரெண்டு காக்கா. அவர் உடம்ப 1173ல கப்பல்ல கொண்டு வந்தப்ப காக்கா கூடவே காவலுக்கு வந்துச்சுன்னு ஐதீகம், லிஸ்பன் நகர முத்திரையே அந்த படகும் காக்காவும் தான்.

ஃபாடோ பாட்டு கேக்க தனி ஆளா போனா உள்ள விடுவாங்களா?

விடுவாங்க, ஆனா டின்னரோட நடக்கற பெரிய எடங்கள்ல குறைஞ்சபட்சம் இவ்ளோக்கு சாப்பிடணும்னு இருக்கும், முன்னாடியே போன் பண்ணி ஒரு ஆளுக்குன்னு சொல்லிடுங்க. எனக்கு புடிச்சது ஃபாடோ வாதியோ, சின்ன கடையில அக்கம்பக்கத்துக்காரங்களே எழுந்து பாடறது. மதியமே மியூசியத்த பாத்துட்டு போனா நல்லா புரியும், 1998ல தொறந்தது, ஃபாடோவுக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் 2011ல.

ஒண்ணே ஒண்ணு, பாட்டு ஆரம்பிச்சா பேசக்கூடாது, கரண்டி சத்தம் கூட கூடாது. விளக்க கொறைப்பாங்க, பன்னெண்டு தந்தி போர்ச்சுகீஸ் கிட்டார் ஒண்ணு, சாதா கிட்டார் ஒண்ணு, அவ்ளோ தான் பக்கவாத்தியம், மைக் கெடையாது. நான் போன எடத்துல பாத்திரம் கழுவிட்டு இருந்த அம்மா கைய ஏப்ரன்ல தொடைச்சுட்டு வந்து, கண்ண மூடி, தலைய பின்னாடி சாய்ச்சு பாடினாங்க, கைல இன்னும் சோப்பு நுரை இருந்துச்சு. மொழி புரியல, தொண்டை அடைச்சுது. முடிஞ்சதும் திரும்ப உள்ள போயி தட்டு கழுவற சத்தம் கேட்டுச்சு.

தங்கறதும் அல்ஃபாமாலயே தங்கிடலாமா? போட்டோல செமயா இருக்கே

நான் தங்கல. படிக்கட்டுல பெட்டி தூக்கற கஷ்டம் ஒண்ணு, இன்னொன்னு அங்க ஏகப்பட்ட வீடு டூரிஸ்ட் வாடகைக்கு போயி பழைய குடித்தனக்காரங்க வெளியேற வேண்டியதாச்சு. 2018ல நகராட்சியே அல்ஃபாமா, மொராரியா, கோட்டை பக்கம் புது டூரிஸ்ட் வீட்டு பதிவ நிறுத்தி வெச்சாங்க, அந்த அளவுக்கு போயிருக்கு. பைஷாலயோ மெட்ரோ லைன்லயோ ஹோட்டல் எடுங்க, காலைல நடந்து வந்துடலாம்.

அப்ப நாம அங்க சுத்த போறதே தப்பு தானே? அவங்க வீட்டு துணிய போட்டோ புடிக்கறதுக்கு எதுக்கு போகணும்?

இந்த கேள்விக்கு தான் ரொம்ப நாள் யோசிச்சேன். தப்புன்னு நான் நெனைக்கல, ஆனா எப்படி போறோம்ங்கறது இருக்கு. அது தெருன்னு நாம நெனைக்கறோம், அங்க இருக்கறவங்களுக்கு அது திண்ணை. அம்பது பேர் குடையும் ஸ்பீக்கருமா வந்து நின்னா ஒரு சந்து மூச்சு முட்டும், ஒரே ஆள் மெதுவா நடந்து போனா வழி விட்டு "போம் தியா"ன்னு சொல்லுவாங்க, பதிலுக்கு நாமளும் சொல்லணும். கொடியில துணி காயறத தூரத்துல இருந்து தெருவோட சேத்து எடுங்க, ஜன்னல்ல ஆள் இருந்தா "போசோ?"ன்னு கேளுங்க, எடுக்கலாமான்னு அர்த்தம், கைய ஆட்டினா கேமராவ எறக்கிடுங்க.

காச அங்கயே செலவு பண்ணுங்க, கூவி கூப்பிடற கடைய விட்டுட்டு காகிதத்துல கையால இன்னைக்கு சாப்பாடுன்னு எழுதி ஒட்டியிருக்கற தாஸ்காவுல, அதாவது சின்ன சாப்பாட்டு கடையில, சாப்பிடுங்க, வாசல் பாட்டி கிட்ட ஜின்ஜா வாங்குங்க. ஜூன்ல நான் திரும்ப போனப்ப அந்த ஜன்னல தேடி போனேன், அவங்க மகள் இருந்தா, பாட்டி உள்ள தூங்கறாங்கன்னு சைகைல சொன்னா. கப்ப நிரப்பி குடுத்துட்டு, மெதுவா, அம்மா தூக்கம் கலையாம, கட்டைய ஒரு விரலால தட்டி "ஜன்னல்"னா.